டிஜிட்டல் இதழியல் கற்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செய்தி எழுத ஆசைப்படுபவர்களுக்கு வார இறுதிகளில் வகுப்பு எடுக்கிறேன். கல்லூரி மாணவர்கள், உள்ளூர்ச் சேனல் நடத்துபவர்கள், பகுதிநேர நிருபர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இதில் வரும் கருவிகள் எல்லாம் காசு கொடுக்காமலே தொடங்கக்கூடியவை. ஒரு ஸ்மார்ட்போன் போதும், கணினி இருந்தால் இன்னும் வசதி.

டிஜிட்டல் இதழியல் என்றால் யூடியூப் சேனல் தொடங்குவதுதானே?

இல்லை. சேனல் என்பது செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம், அவ்வளவுதான். செய்தியை எங்கே தேடுவது, கிடைத்தது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது, ஆவணங்களையும் எண்களையும் எப்படிப் படிப்பது, வெளியிட்ட பிறகு தவறு தெரிந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் சேர்ந்துதான் இந்தத் தொழில். தம்ப்நெயில் செய்யக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். மற்றவற்றுக்குத்தான் நாள் பிடிக்கும்.

இலவசமாக எங்கே படிக்கலாம்? சான்றிதழ் கிடைக்குமா?

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள நைட் இதழியல் மையம் 2012 முதல் இணையவழிப் பாடங்களை இலவசமாக நடத்துகிறது. பாய்ண்டர் நிறுவனத்தின் நியூஸ் யுனிவர்சிட்டி, கூகுள் நியூஸ் இனிஷியேட்டிவின் பயிற்சிப் பக்கங்கள், இணையப் புலனாய்வுக்குப் பேர்போன பெல்லிங்கேட் குழுவின் வழிகாட்டிகள் எல்லாம் நல்லவை. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பிளஸ் டூ ஆங்கிலமே போதும், பயப்பட வேண்டாம்.

தமிழில் நல்ல செய்தி எப்படி இருக்கும் என்று பார்க்க, பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி என்ற கிராமப்புறச் செய்தித் தளத்தின் தமிழ்ப் பக்கங்களைப் படியுங்கள். ஒரு விவசாயியின் ஒரு நாளை எவ்வளவு பொறுமையாகக் கவனித்து எழுதியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

சான்றிதழைப் பற்றி என் கருத்து: ஐந்து பாடங்களில் பெயர் பதிவு செய்து எதையும் முடிக்காமல் விடுவதைவிட, ஒன்றை எடுத்து, அதில் வரும் ஒவ்வொரு பயிற்சியையும் உங்கள் ஊர் விஷயத்தை வைத்துச் செய்து பாருங்கள். வேலை கேட்டுப் போகும்போது அந்தப் பயிற்சியில் பிறந்த செய்திதான் பேசும்.

முதலில் எதைக் கற்க வேண்டும்?

சரிபார்ப்பு. எடிட்டிங்கும் கிராபிக்ஸும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2023 மார்ச் தொடக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. தொழிலாளர்கள் பயந்துபோனார்கள், பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பியது. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அந்த வீடியோக்களில் இரண்டைக் குறிப்பிட்டு விளக்கம் கொடுத்தார்: அவை திருப்பூரிலும் கோவையிலும் முன்பே நடந்த சம்பவங்கள். ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்த மோதல், மற்றொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இரண்டு காட்சிகளும் யாரோ கணினியில் செய்தவை அல்ல, உண்மையிலேயே நடந்தவை. பொய்யாக இருந்தது, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு வரிதான். அதனால் ‘இது ஃபேக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இது எங்கே, எப்போது, யார் எடுத்தது?’ என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராதவரை அது உங்களிடம் இருக்கும் ஒரு வீடியோ மட்டுமே, இன்னும் செய்தி ஆகவில்லை.

சரி, ஒரு வாட்ஸ்அப் வீடியோ வந்தால் எங்கே ஆரம்பிப்பது?

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சியையே சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அந்த இரவில் ஒரு ஃபார்வர்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, அதற்குள் ஒரு அரசுப் பேருந்து மெல்ல ஊர்ந்து போகிறது. ‘இப்போது நெல்லையில்’ என்று எழுதியிருக்கிறது.

முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பின்னால் கத்துபவர் ‘ஏலே’ என்கிறாரா, மலையாளம் பேசுகிறாரா? பேச்சு வழக்கைக் கேட்டே ஊரைக் கண்டுபிடிக்கும் காது நமக்கு இயல்பாகவே இருக்கிறது. வெளியூர்க் கருவி எதற்கும் அது கிடையாது.

அடுத்து எண் பலகை. டிஎன் 72 என்றால் திருநெல்வேலி, 69 தூத்துக்குடி, 74 நாகர்கோவில். ஆனால் பேருந்து ஓடும் வண்டி, எண் பலகை அது பதிவான ஊரைத்தான் சொல்லும். அதனால் நகராத பொருள்களைத் தேடுங்கள். கடைப் பலகையில் தரைவழித் தொலைபேசி எண் இருந்தால் அதன் தொடக்கத்தைப் பாருங்கள்: 0462 என்றால் திருநெல்வேலி, 0461 என்றால் தூத்துக்குடி. பாலத்தின் கைப்பிடிச் சுவர், தூரத்தில் தெரியும் கோபுரம், செல்போன் டவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கருவி. இன்விட் என்ற இலவச பிரவுசர் நீட்சி, வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். போனில் என்றால் ஓடவிட்டு நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே போதும். அந்தப் படங்களை கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ என்ற படத் தேடல் கருவிகள் மூன்றிலும் போட்டுத் தேடுங்கள். ஒன்றில் சிக்காதது இன்னொன்றில் சிக்கும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பதிவில் அதே காட்சி இருந்தால் வேலை முடிந்தது, அது இந்த வெள்ளம் இல்லை. ஒன்றுமே கிடைக்காவிட்டால்? பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். தேடலில் கிடைக்கவில்லை என்பதால் அது புதியது, உண்மையானது என்று ஆகிவிடாது. இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் கூகுள் மேப்ஸுக்குப் போங்கள். தெருவைப் படமாகக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவில் அந்தப் பாலத்தைப் பார்த்து, தாளில் குறித்தவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இடம் பொருந்திவிட்டால், அதே வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, லாட்ஜ் ஆகியவற்றின் போன் எண்கள் இருக்கும். அழையுங்கள். ‘அண்ணாச்சி, உங்க பக்கத்துப் பாலத்துல தண்ணி ஏறிடுச்சா?’ என்று கேட்டால் இரண்டு நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும். எத்தனை கருவி வந்தாலும் நான் கடைசியில் போய் நிற்பது இந்தப் போன் அழைப்பில்தான்.

முடிந்தால் வீடியோ எடுத்தவரைக் கண்டுபிடியுங்கள். உண்மையில் எடுத்தவரிடம், அதே இடத்தில் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் போனில் இருக்கும். ஃபார்வர்டு செய்தவரிடம் அந்த ஒரு வீடியோ மட்டும்தான் இருக்கும்.

படத்தின் விவரங்களில் தேதி, இடம் எல்லாம் இருக்குமாமே? அதைப் பார்த்தால் போதாதா?

கேமராவில் எடுத்த மூலக் கோப்பில் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் நீங்கிவிடும். அதனால் எடுத்தவரிடம் ‘டாக்குமென்டாக அனுப்புங்கள்’ என்று கேளுங்கள், அப்படி அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். ஆனால் போனில் தேதி தவறாக இருந்தால் அந்த விவரமும் தவறுதான். இதை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவர் போட்ட பதிவை நீக்கிவிட்டால் என்ன செய்வது?

நீக்குவதற்கு முன்பே சேமித்திருக்க வேண்டும். இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதில் எந்த இணையப் பக்கத்தின் முகவரியையும் கொடுத்து, தேதி நேரத்தோடு ஒரு நகலைச் சேமிக்கச் சொல்லலாம். அரசுத் துறை அறிவிப்பு, கட்சி வாக்குறுதி, டெண்டர் அறிவிப்பு என்று எதைப் படித்தாலும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். சமூக ஊடகப் பதிவுகள் சில அதில் சரியாகப் பதிவாகாது. அவற்றுக்கு முகவரியும் நேரமும் தெரியும்படி முழுத்திரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கூகுளில் தேடத்தான் எல்லோருக்கும் தெரியுமே, அதில் கற்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒரு தொடரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அது அப்படியே இருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஒரு தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். ‘ஃபைல்டைப்’ என்று எழுதி அதேபோல் பிடிஎஃப் என்பதைச் சேர்த்தால் ஆவணங்கள் மட்டும் வரும். அரசுத் தளங்களின் மெனுவில் எங்கேயும் இல்லாத அறிக்கைகள் பல இந்த இரண்டையும் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும்.

இன்னொன்று: ஊர்ப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். தூத்துக்குடிக்கு ஆங்கிலத்தில் பழைய பெயரும் புதிய பெயரும் உண்டு. பழைய ஆவணங்கள் பழைய பெயரில்தான் இருக்கும்.

பிடிஎஃப் அரசாணையிலிருந்து தமிழை காப்பி செய்தால் புரியாத எழுத்துகளாக வருகிறதே?

பெரும்பாலும் அது, யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணமாக இருக்கும். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது வேறு எழுத்துகள். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் எழுத்துரு மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடாக மாற்றலாம். தெரியாவிட்டால், பக்கத்தைப் படமாக எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள். அது படத்தில் இருக்கும் தமிழைப் படித்துக் கொடுக்கும். அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே வரும். ஆனால் எண்களையும் பெயர்களையும் மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் பயன்படுத்தக் கூடாது. 3 என்பது 8 ஆகிவிட்டால் கோடிக்கணக்கில் தப்பு வரும்.

கணக்கு என்றாலே பயம். புள்ளிவிவரங்களிலிருந்து செய்தி எடுக்கும் டேட்டா ஜர்னலிசம் எனக்கு வருமா?

வரும். கூட்டல், வகுத்தல், சதவீதம் தெரிந்தால் கூகுள் ஷீட்ஸ் என்ற அட்டவணைச் செயலியில் பாதி வேலை முடிந்துவிடும். வரைபடம் போட டேட்டாராப்பர், ஃப்ளரிஷ் இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு. பிடிஎஃபில் சிக்கியிருக்கும் அட்டவணைகளை வெளியே எடுக்க டபுலா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

உண்மையான கஷ்டம் கணக்கில் இல்லை, அந்த எண் எப்படிப் பிறந்தது என்று கேட்கும் பழக்கத்தில் இருக்கிறது. மழை அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது, அது 2023 டிசம்பர் 18-ஆம் தேதிக் கணக்கில் இருக்கிறது. ஆனால் வானிலை ஆய்வு மையத்தின் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அதாவது 18-ஆம் தேதிக் கணக்கில் இருக்கும் மழையில் பெரும்பகுதி 17-ஆம் தேதி பெய்தது. இது தெரியாமல் ‘17-ஆம் தேதி மழை எவ்வளவு?’ என்று அட்டவணையில் தேடினால் 16-ஆம் தேதி பெய்த மழையைத்தான் பெரும்பாலும் எடுத்து எழுதுவீர்கள்.

சதவீதத்திலும் ஒரு பள்ளம் உண்டு. தேர்ச்சி விகிதம் 90 சதவீதத்திலிருந்து 93 ஆனால், உயர்ந்தது 3 சதவீதப் புள்ளி. ‘3 சதவீதம் உயர்வு’ என்று எழுதுவது தவறு, ஏனென்றால் 90-இல் 3 என்பது 3.3 சதவீதம். மக்கள் எதை அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் வரும் 100 என்ற எண்ணும் அப்படித்தான். அது தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை. அந்தக் காலகட்டத்தில் தேடல் உச்சத்தில் இருந்த புள்ளிக்கு 100 என்று வைத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

ஆர்டிஐ போட்டால் பதிலே வருவதில்லையே?

கேள்வி கேட்கும் விதத்தில் பாதி இருக்கிறது. ஆர்டிஐ எனும் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குத் தருவது, அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைப் பார்க்கும் உரிமை. அதிகாரியின் கருத்தைக் கேட்கும் உரிமை அதில் இல்லை. ‘எங்கள் ஊர்க் குளத்தை ஏன் தூர்வாரவில்லை?’ என்று கேட்டால் ஒரு வரியில் தட்டிக் கழிப்பார்கள். இப்படிக் கேளுங்கள்: ‘1.4.2019 முதல் 31.3.2024 வரை இந்தக் குளத்தில் தூர்வாரும் பணிக்காக வழங்கப்பட்ட பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், பணம் வழங்கிய பட்டியல்கள் ஆகியவற்றின் நகல்களைத் தரவும்.’ எம்-புக் என்பது வேலை நடந்ததை அளந்து எழுதும் அளவுப் புத்தகம். எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று அதில் கன மீட்டர் கணக்கில் இருக்கும். அந்த நகலோடு குளத்தில் போய் நின்று பாருங்கள், செய்தி கண்முன்னே தெரியும்.

கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பலரும் மேல்முறையீடு வரை போகாமல் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அது 2017 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது.

வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரங்களுக்கு ஆர்டிஐ வேண்டாம். தேர்தல் ஆணையத் தளத்திலேயே பிரமாணப் பத்திரங்கள் இருக்கும். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் மைநேதா தளத்தில் அதையே தேடவும் ஒப்பிடவும் வசதியாகத் தொகுத்திருக்கிறார்கள்.

சாட்ஜிபிடி, ஜெமினி எல்லாம் பயன்படுத்தலாமா?

நீளமான ஆங்கில அறிக்கையில் எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க, பேட்டிக்குக் கேள்விகள் யோசிக்க, ஷீட்ஸில் சூத்திரம் எழுதத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தகவலைக் கேட்டு வாங்கி அப்படியே எழுதக் கூடாது. இல்லாத தீர்ப்பையும் இல்லாத அதிகாரியையும் அவை உறுதியாகச் சொல்லும். தமிழ்ப் பேட்டிகளை எழுத்தாக்கும்போது வட்டார வழக்கில் தடுமாறும். ‘வரல’ என்பதை ‘வர’ என்று எழுதிவிட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும். மேற்கோள் போடும் ஒவ்வொரு வரியையும் ஒலிப்பதிவில் திரும்பக் கேளுங்கள்.

2018-இல் மறைந்த மு. கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு விழாத் திரையில் தோன்றி டி.ஆர். பாலுவை வாழ்த்திப் பேசினார். ஏஐ கொண்டு செய்த வீடியோ அது. அவர் மறைந்தது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அங்கே யாரும் ஏமாறவில்லை. உயிரோடு இருப்பவர் பேசியதாக ஒரு வீடியோ வரும்போதுதான் கஷ்டம். அப்போது முகத்தை உற்றுப் பார்ப்பதைவிட, அவர் அன்று எந்த மேடையில் இருந்தார், அங்கே வேறு எந்தக் கேமரா இருந்தது, முழு உரை எங்கே கிடைக்கும் என்று தேடுவது பலன் தரும்.

போனில் நல்ல வீடியோ எடுக்க என்ன வாங்க வேண்டும்?

சட்டையில் மாட்டும் சிறிய மைக். வேறு எதுவும் இப்போதைக்கு வேண்டாம். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பார்கள், குரல் கேட்காவிட்டால் உடனே நகர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு காட்சியையும் அசையாமல் பத்து நொடி எடுங்கள். ஒலியைச் சீராக்க ஆடாசிட்டி இலவசம்.

இணையத்தில் கிடைக்கும் படத்தை ‘நன்றி: கூகுள்’ என்று போட்டுப் பயன்படுத்தலாமா?

கூடாது. கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. எடுத்தவரிடம் அனுமதி கேளுங்கள், அல்லது விக்கிமீடியா காமன்ஸில் தேடி, அங்கே எழுதியிருக்கும் உரிம நிபந்தனைப்படி எடுத்தவர் பெயரைக் குறிப்பிடுங்கள்.

சட்டச் சிக்கல் வருமா?

எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும்.

அடையாளம் என்பது பெயரும் முகமும் மட்டும் இல்லை. முகத்தை மங்கலாக்கிவிட்டுத் தெருப் பெயர், பள்ளிப் பெயர், வகுப்பு, அப்பாவின் தொழில் என்று வரிசையாக எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும். வீட்டு வாசலில் நிற்கும் பைக்கின் எண்ணைக்கூட மறைக்க வேண்டும். அந்தக் குழந்தை நாளைக்கு அதே தெருவில்தான் நடந்து போக வேண்டும்.

தவறாகப் போட்டுவிட்டேன். சத்தமில்லாமல் நீக்கிவிடலாமா?

நீக்காதீர்கள். நான் செய்திகளைத் திருத்தி வெளியிடும் டெஸ்க்கில் இருந்தபோது, அணை திறப்புச் செய்திக்கு அவசரத்தில் பழைய படம் ஒன்றைப் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு வாசகர் எழுதினார்: ‘போன வருஷமே மதகுக்கு வேறு பெயின்ட் அடித்துவிட்டார்கள், இது பழைய படம்.’ படத்தை மாற்றி, செய்தியின் மேலேயே ‘திருத்தம்’ என்று எழுதி, எது தவறு, எப்போது மாற்றினோம் என்று இரண்டு வரி சேர்த்தோம். அந்த வாசகர் அதற்குப் பிறகு பல வருஷம் அணைச் செய்திகளுக்குத் தகவல் கொடுத்தார். தவறான பதிவை எங்கெல்லாம் பகிர்ந்தீர்களோ அங்கெல்லாம் திருத்தத்தையும் பகிருங்கள்.

பிரஸ் கார்டு இருந்தால்தானே உள்ளே விடுவார்கள்?

சில இடங்களுக்கு அரசு அங்கீகார அட்டை தேவைதான். காசு வாங்கிக்கொண்டு ‘பிரஸ்’ அட்டை தருவதாகச் சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள், அந்த அட்டைக்கு மதிப்பு இல்லை. தொடக்கத்தில் உங்களுக்கு அட்டையே தேவைப்படாத இடம் ஒன்று இருக்கிறது: உங்கள் ஊர் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. நீங்கள் அந்த ஊர் வாக்காளராக இருந்தால் போதும்.

முதல் பயிற்சியாக அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே போய் உட்காருங்கள். வரவு செலவு அறிக்கையை வாசிக்கும்போது ஒலிப்பதிவு செய்யுங்கள், பலகையில் எழுதியிருந்தால் எண்கள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று நீங்களே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று பின்னர் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து அந்தச் செலவுகளை ஷீட்ஸில் ஏற்றி, பெரிய தொகை எதற்குப் போயிருக்கிறது என்று வரிசைப்படுத்துங்கள். மறுநாள் காலை அந்தத் தெருவிளக்கோ குடிநீர்த் தொட்டியோ இருக்கும் இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள்.